பெரியவர் கழற்றிக் கொடுத்த வாட்ச்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காலிங் பெல் அடித்தது. வாசலில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வயதான ஒருவர். கையில் சின்ன டிபன் பாக்ஸ்.

"பழைய வாட்ச் பத்தி எழுதுற சார் நீங்கதான?"

நான்தான். பழைய சுவிஸ் வாட்ச் மேல் எனக்கிருக்கும் கிறுக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் அடிக்கடி எழுதி உங்களைப் படுத்துகிறேனே... அதன் பலன். திருவள்ளூரில் என் வீட்டைத் தேடிப் பிடித்து, "இது ஒரிஜினலா சார்?" என்று வாட்சை நீட்டுகிறவர்கள் உண்டு.

மோசஸ் என்று வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே துணியில் சுற்றிய வாட்ச்.

"நின்னு போச்சுன்னு பொன்னேரில குடுத்தேன் சார். தொறந்து பார்த்துட்டு டூப்ளிகேட்டுன்றான். எங்க தெருக்காரன் ஒருத்தன் கூட இருந்தான். இப்ப தெருவே சிரிக்குது. ஆயுசெல்லாம் ஒழைச்சதுக்கு உங்க பெரியவர் இன்னா குடுத்தாரு பாருன்னு..."

பெரியவர் என்றால் ஆலையின் முதலாளி. இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

"அவரு அப்பிடி ஆளு இல்ல சார். உருக்கின இரும்ப ஊத்தும்போது ஒரு நாள் தெறிச்சிடுச்சு. நான் அவர புடிச்சி இழுத்தேன். ஒரு சொட்டு அவரு வாட்ச்ல. மீதி என் தோள்ல. நான் ரிட்டயர் ஆனப்போ எல்லார் முன்னாடியும் அந்த வாட்ச கழட்டி, 'இதுல உனக்கும் பங்கு இருக்கு மோசஸ்'னு சொல்லி என் கையில கட்டுனாரு."

கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பார்த்தேன். அதிக நேரம் தேவைப்படவில்லை. டயலில் எழுத்துகள் தடித்து, ஓரம் கசிந்திருந்தன. மூடியைத் திறந்தால் உள்ளே மலிவான மெஷின். பொன்னேரிக்காரர் சொன்னது சரி.

ஆனால் ஒன்று உதைத்தது. கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"இரும்பு தெறிச்ச தழும்பு எங்க?"

"அதுவா? ஆலையில பெரியவர் போட்டோ தொறந்தாங்க சார். அப்ப சின்ன மொதலாளி, 'அப்பாவோட வாட்ச நாலு பேர் பாக்க வைக்கணும்'னு வாங்கினு போனாரு. கொஞ்ச நாள் கழிச்சு சர்வீஸ் பண்ணித் திருப்பிக் குடுத்தாரு. பாலீஷ்ல தழும்பு போயிடுச்சுன்னு நெனச்சேன்."

உருகிய இரும்பு விழுந்த பள்ளம் பாலீஷில் போகாது. அது மட்டுமா? அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கண்ணால், இதே லென்ஸ் வழியாக!

மழைக்காலத்துக்கு முன்பு, வாட்ச் சேகரிப்பவர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடினோம். அதில் ஓர் இளைஞர், ஆலை முதலாளி. "அப்பா கடைசி வரைக்கும் கையை விட்டுக் கழட்டவே இல்ல சார்" என்று ஒரு வாட்சை நீட்டினார். ஒரிஜினல் டயல். பாலீஷே படாத கேஸ். ஓரத்தில் ஒரு பள்ளம். "ஃபவுண்ட்ரியில இரும்பு தெறிச்சது" என்றார். நான் உருகிப்போனேன். "இந்தத் தழும்புதான் இதுக்கு அழகு. கண்டிஷன் பிரமாதம்" என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன்.

மோசஸிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி அனுப்புவது?

சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. நிம்மதி.

"அப்ப பெரியவர் ஏமாத்தல..."

"இல்ல. அவர் கொடுத்தது அசல்தான். வாங்க, நேரா ஆலைக்கே போய்க் கேட்போம். நான் சாட்சி."

அவர் வாட்சை மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்தார். மெதுவாக. மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி சுற்றினார்.

"வேணாம் சார். எம் புள்ள அங்கதான் கான்ட்ராக்ட்ல இருக்கான். இந்த வருஷம் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிகினு இருக்காங்க."

"அப்ப தெருவுல?"

"சிரிக்கட்டும். பெரியவர் போய்ச் சேர்ந்துட்டாரு. அவர இன்னா பேசுனாலும் அவருக்கு வலிக்காது. எம் புள்ளைக்கு வேல போச்சுன்னா..." முடிக்கவில்லை. படியிறங்கும்போது திரும்பி, "எழுதறதுன்னா பேரு போடாதீங்க சார்" என்றார்.

போடவில்லை. ஆலை, ஆண்டு எதுவும் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியில் வார்ப்பு ஆலைக்கும் சின்ன முதலாளிகளுக்குமா பஞ்சம்?

என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். மோசஸ் பேச்சையே எடுக்காமல், "அன்னிக்குக் காட்டினீங்களே, அப்பாவோட வாட்ச். இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்றேன்.

"அது மும்பைக்குப் போயிடுச்சு சார்! பார்ட்டி முதல்ல தயங்கினார். நீங்க கண்டிஷன் பார்த்துச் சொன்னீங்கன்னதும் மறுபேச்சு இல்ல. உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

எங்கள் வட்டாரத்தில் வாட்சோடு அதன் கதையையும் சேர்த்தே விற்பார்கள். தகப்பன் கடைசி மூச்சு வரை கட்டியிருந்த வாட்ச் என்று மும்பையில் யாரோ இப்போது விருந்தாளிகளிடம் காட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கதைக்கு முத்திரை குத்தியது என் வாய். டயலைப் பார்த்தேன், கேஸைப் பார்த்தேன், மெஷினைப் பார்த்தேன். நீட்டிய ஆளைப் பார்த்தேனா?

"இன்னொரு பீஸ் வருது சார். வந்து பார்த்துச் சொல்றீங்களா?" என்றார் குஷியாக.

கண் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தேன். அதை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.