நான் பொசுக்கிய ஜெர்மன் கத்தி

ஒரு நல்ல கத்தியை நான் பாழாக்கிவிட்டேன். போன மாதம், அம்பத்தூர் எஸ்டேட்டில், நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில், பட்டப்பகலில்... பக்கத்தில் சாட்சி இருக்கும்போதே.

கத்தி என் மைத்துனன் சேவியர் கொடுத்தது. துபாயில் ஒரு பெரிய ஹோட்டல் கிச்சனில் வேலை அவனுக்கு. போன லீவில் வந்தபோது அக்காவுக்கென்று வாங்கி வந்தான். அக்கா என்றால் என் மனைவி ரீட்டா. வெல்வெட் பெட்டி, ஜெர்மன் ஸ்டீல்.

நான் டூல் ரூம் ஆசாமி; மெஷினுக்கு வேண்டிய கருவிகளைச் செய்து தீட்டுவதுதான் வேலை. சும்மா இருப்பேனா? கார்பன், குரோமியம், கடினத்தன்மை என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். ரீட்டா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

சில மாதம் கத்தி பிரமாதம். தக்காளி தானாகப் பிளந்தது. அப்புறம் மழுங்கியது. எந்த ஸ்டீல்தான் மழுங்காது? எங்கள் வீட்டில் கத்தி தீட்ட ஒரே இடம் — கொல்லைப்புற சிமென்ட் படி. ரீட்டா தேய்த்தாள், தேய்த்தாள்... படிதான் தேய்ந்தது.

"ஆவடி மார்க்கெட்ல வாங்குன கத்தி நாலு இழுப்புல கூராயிடும். இது படியத் தின்னுகினு கீது. நீங்களே வச்சிக்கினு அழகு பாருங்க."

மானப் பிரச்சினை. மறுநாள் கத்தியை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், லஞ்ச் நேரத்தில் கிரைண்டிங் வீலில் பிடித்தேன். பொறி பறந்தது. அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும்; புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் நான் சொல்வது அதைத்தான். அன்றைக்கு எனக்குப் பசி; முக்காமலே தீட்டினேன். பார்த்தால், கத்தியின் வாய் முழுக்க நீலம் பாரித்திருந்தது! சூடேறி ஸ்டீலின் பதம் போய், கடினம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பக்கத்து மெஷின் தணிகாசலம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, கத்திய பொசுக்கிட்டியா?"

"மெதுவா பேசுப்பா."

"பொசுக்கினவன் நீ. நான் எதுக்கு மெதுவா பேசணும்?"

வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. கத்தியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து ரீட்டாவே ஆரம்பித்தாள்.

"இன்னா பண்ணீங்கன்னு தெரியல. இப்பதான் இது நம்ம ஊட்டுக் கத்தி மாதிரி கீது. சீக்கிரம் மழுங்குது... ஆனா படியில நாலு இழுப்பு இழுத்தா போதும்."

யோசித்துப் பாருங்கள். உசத்தி ஸ்டீலுக்கு உசத்திக் கல் வேண்டும், வெட்டுப் பலகை வேண்டும், தீட்டத் தெரிந்த கை வேண்டும். முருங்கைக்காயை நறுக்கிவிட்டு அப்படியே தொட்டியில் போடுகிற நமக்கு? கத்தி மழுங்கினால் பரவாயில்லை. கூராக மாட்டேன் என்று அடம்பிடித்தால்தான் தொல்லை.

போன ஞாயிறு என் மகளுக்குச் சர்ச்சில் முதல் நற்கருணை, வீட்டில் விருந்து. சேவியர் மறுபடி லீவில் வந்திருந்தான். கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நேராக அடுக்களைக்குப் போனவன், ரீட்டா கையிலிருந்த கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, கடையில பாத்தப்போ இந்த நீலம் இல்லியே?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் முகம் சின்னதாகிவிட்டது.

"வேற வாங்கிக்கலாம்டா," என்றேன் அசட்டுத்தனமாக. "உங்க கிச்சன்ல எல்லாருக்கும் இதே கத்திதானே?"

"இல்ல மாமா. நாங்க வெட்டுறது சாதா கத்தி, வெள்ள பிளாஸ்டிக் பிடி போட்டது. தெனம் தீட்டுவோம், அது பாட்டுக்கு ஓடும். இந்த மாதிரி கத்தி பெரிய செஃப்புக்கு மட்டும்தான். நாங்க தொடக்கூடாது." கத்தியின் பிடியைத் தடவினான். "அக்காவாச்சும் தொடட்டுமேன்னுதான்... பெட்டியக்கூட பிரிக்காம கொண்டாந்தேன்."

ரீட்டா கேட்டாள்.

"அப்போ நீ இதால ஒண்ணுமே வெட்டுனதில்லயா?"

இல்லை என்று தலையாட்டினான்.

அவள் முக்காலியைக் காலால் தள்ளினாள். "குந்து. பிரியாணிக்கு இன்னும் மூணு கிலோ வெங்காயம் கீது."

உட்கார்ந்தான். முதல் வெங்காயத்தை மெதுவாக வெட்டினான். அடுத்ததிலிருந்து டகடகவென்று... பெரிய செஃப்பேதான். பெண்டுகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

கத்தி என்ன ஸ்டீல் என்று யாரும் கேட்கவில்லை. பிரியாணி எப்போது என்றுதான் கேட்டார்கள்.