அதிர்ஷ்டம் எடுத்த குச்சி

சோபா தைக்கிற அவனுக்கு ‘அதிர்ஷ்டம்’ என்று பட்டப்பெயர் வைத்தவன் பாலிஷ்காரன். வழுக்கைத் தலையனைச் சுருட்டை என்று கூப்பிடுவார்களே, அந்த வகை.

நாற்காலியும் சோபாவும் செய்து விற்கிற ஒரு பட்டறையில் நான்கு பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தச்சன் சட்டம் அடிப்பான். பாலிஷ்காரன் மெருகு போடுவான். அதிர்ஷ்டம் மெத்தை வைத்துத் துணி இழுத்துக் கட்டுவான். டிரைவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வாங்கினவர் வீட்டில் இறக்குவான். அதிர்ஷ்டத்தின் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய் நிறையச் சிற்றாணிகளை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியல் முனையில் ஒட்டவைத்து, ஒரே அடியில் இறக்குவான். துணியில் மருந்துக்கும் சுருக்கம் இருக்காது. அந்தக் கைக்கு இருந்த புத்தியில் கால்வாசி தலைக்கு இருந்திருக்கலாம்.

இவர்களுக்குள் எதுவென்றாலும் தீப்பெட்டிதான் தீர்ப்பு சொல்லும். மூன்று பேர் உட்காரும் சோபாவை மாடிப்படியில் யார் முதுகு கொடுத்துத் தூக்குவது, ஞாயிற்றுக்கிழமை யார் பட்டறைக்கு வருவது, முதலாளியிடம் யார் போய்த் திட்டு வாங்குவது, எல்லாவற்றுக்கும் குச்சி. பாலிஷ்காரன் திரும்பி நின்று நான்கு குச்சிகளில் ஒன்றை ஒடிப்பான். மருந்துத் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரியும்படி முஷ்டியில் பிடித்துக்கொண்டு வருவான்.

“வாடா அதிர்ஷ்டம், நீ முதல்ல எடு.”

எடுப்பான். குட்டை. மூன்று பேரும் ஓவென்று சிரிப்பார்கள். தோற்றவன் யாரென்று தெரிந்தபிறகு மற்றவர்கள் எதற்கு எடுக்க வேண்டும்? பாலிஷ்காரன் மிச்சக் குச்சிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். எப்போதாவது, டீ வாங்கி வருவது மாதிரி அற்ப விஷயத்துக்கு, வேறு யாராவது தோற்பார்கள். அந்த அளவுக்குப் பாலிஷ்காரனுக்கு மூளை உண்டு.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். அவனுக்கு வரவில்லை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்று அவன் அக்கா அவனைப் பற்றிச் சொல்வாள். அதைப் பெருமையாக வேறு சொல்வாள். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். புதுக் கிளைக்கு மேஸ்திரியாகப் போகச் சொன்ன முதலாளியிடம், “வேண்டாங்க, என் ராசிக்கு அந்தக் கடை தீப்பிடிச்சிடும்” என்று கையெடுத்துக் கும்பிட்டவன் அவன்.

பட்டறையின் முன்பக்கக் கடையில் பில் போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அறுந்த கைப்பை வாரைத் தைத்துத் தரச் சொல்லி ஒருநாள் அவனிடம் வந்தாள். அடுத்த வாரம் அதே வார் மறுபடி அறுந்திருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொரு வார். பிளேடால் வெட்டியது என்று தையல்காரனுக்குத் தெரியாதா? தெரிந்தும் பேசாமல் தைத்துக் கொடுத்தான். கடைசியில் அவளே வாய் திறந்தாள்.

“எங்க வீட்டுக்கு வந்து பேசுங்க. அப்பாகிட்ட நான் சொல்லி வெச்சிருக்கேன்.”

அன்று அவனுக்குக் கால் தரையில் படவில்லை. ஓடிப்போய்ப் பாலிஷ்காரனிடம் சொன்னான். வேறு யாரிடமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

பாலிஷ்காரன் தாடையைச் சொறிந்தான். “எனக்கும் அவமேல ரொம்ப நாளா ஆசைடா. இதுக்குப் போய் நாம முகத்தைத் திருப்பிக்க வேணாம். குச்சி போட்டுடுவோம்.”

அதிர்ஷ்டம், பாவி, சரி என்றான். எடுத்தான். குட்டை.

மறுநாள் அவள் மேசைக்கு எதிரே நின்று, “நமக்கு ராசியில்லை” என்று மட்டும் சொன்னான். அவன் போன பிறகு அவள் பில்லை அழுத்தி எழுதியதில் கார்பன் தாள் கிழிந்தது. அடுத்த வருஷம் பாலிஷ்காரனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாணப் பரிசாகப் போன சோபாவை அதிர்ஷ்டம்தான் தைத்தான். அதைப்போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் அவன் தைத்ததில்லை.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் கட்டில், மின்விசிறி, டிவி. அந்த டிவியில்தான் எரிமலையைப் பார்த்தான். மலையின் வாய்க்குள் கல்லே குழம்பாகிக் கொதித்தது. அதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசைப்பட்டு எதையும் கேட்காத மனிதன் அதை மட்டும் வாய்விட்டுச் சொன்னான். நால்வருக்கும் தலை நரைக்கத் தொடங்கிய சமயம், குடும்பங்களை விட்டுவிட்டு நண்பர்கள் மட்டும் எரிமலைத் தீவு ஒன்றுக்குக் கிளம்பினார்கள்.

தீவிலும் தீப்பெட்டி கூடவே வந்தது. படகில் அலை தெறிக்கிற ஓரம் அதிர்ஷ்டத்துக்கு. கடல் குகைக்குள் மூவர் நீந்திப் போனபோது, கரிய மணலில் மூவரின் துணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தது அதிர்ஷ்டம். சாம்பல் சரிவில் பலகை போட்டுச் சறுக்கினார்கள். பலகைகளை மறுபடி மேலே இழுத்து வந்ததும் அவன்தான்.

“பரவாயில்லடா,” என்றான். “நெருப்பை மட்டும் பார்த்துட்டாப் போதும்.”

மலையேறிய அன்று, விளிம்புக்குச் சற்றுக் கீழே, தமிழ் தெரிந்த வழிகாட்டிப் பெண் எல்லோரையும் நிறுத்தினாள். பையிலிருந்த முகமூடிகளைச் சோதித்தாள். ஒன்றின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

“அண்ணா, என்னோடது போக உங்களுக்கு மூணுதான் நல்லா இருக்கு. மேல புகை ஜாஸ்தி. முகமூடி இல்லாம யாரையும் விட மாட்டேன்.”

“போறவங்க திரும்பி வந்ததும் மிச்ச ஆளைக் கூட்டிட்டுப் போகலாமே?” என்று கேட்டான் டிரைவர்.

“காத்து திரும்புது. ஒரு தடவைதான்.”

பாலிஷ்காரன் பழக்க தோஷத்தில் திரும்பி நின்றுவிட்டான். முஷ்டி நீண்டது. “வாடா, முதல்ல எடு.”

அதிர்ஷ்டம் எடுத்தான். குட்டை. தச்சன் சிரிக்கத் தொடங்கினான்.

ஆனால் இந்தமுறை அதிர்ஷ்டம் கையை எடுக்கவில்லை. நெருப்பு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. “இன்னொண்ணு எடுத்துக்கறேன்டா. இது ஒண்ணுக்கு மட்டும்” என்று கெஞ்சிக்கொண்டே பாலிஷ்காரனின் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் முஷ்டியை இறுக்க, இவன் விரல்களைப் பிரித்தான். சோபாத் துணி இழுத்துப் பழகிய விரல்களுக்கு அது ஒரு வேலையா? கை திறந்தது. உள்ளே மூன்று குச்சிகள். மூன்றும் குட்டை.

தச்சன் சட்டென்று குனிந்து ஷூ நாடாவை முடியத் தொடங்கினான்.

“சும்மா விளையாட்டுக்குடா,” என்றான் பாலிஷ்காரன். “எல்லாருக்கும் தெரியும். நீ ஒரு தடவையாவது கேப்பேன்னு பார்த்தோம். நீ கேக்கவே இல்ல.”

“எல்லாத் தடவையுமா?”

டிரைவர் தன் பங்கு முகமூடியை எடுத்து அவன் கையில் திணித்தான். “நீ போய்ப் பாருடா. நான் இங்கயே இருக்கேன்.”

அதிர்ஷ்டம் போனான். முன்னால் வழிகாட்டிப் பெண்ணும் தச்சனும் நடக்க, பாலிஷ்காரனுக்குப் பின்னால் இவன். ஒருபக்கம் பள்ளம். வேலி கிடையாது. வழியெல்லாம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தான். எந்த இடத்தில் தள்ளினால் உருளுவான் என்றுகூட யோசித்தான். ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியில், சொன்னால் வெட்கக்கேடு, ஒரு சந்தோஷமும் இருந்தது. தனக்கு ராசி கெட்டுப்போகவில்லை. தன்னிடமிருந்து அவளைத் திருடியிருக்கிறார்கள். திருடினது தெரிந்தால் அவள் என்ன நினைப்பாள்?

கடைசி வளைவில் கேட்டுவிட்டான். “அவகிட்ட இதைச் சொல்லுவியா, இல்ல நான் சொல்லட்டுமா?”

பாலிஷ்காரன் திரும்பினான். முகத்தில் சிரிப்பில்லை. “அவளுக்குத் தெரியும்டா. கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“விடு.”

“சொல்றா.”

“‘குச்சி நெஜமாவே குட்டையா இருந்தாத்தான் என்ன? என்னை வெச்சுக் குச்சி எடுக்க அவருக்கு எப்படிக் கை வந்துச்சு?’ன்னு கேட்டா.” பாலிஷ்காரன் கையிலிருந்த முகமூடியின் வாரை இழுத்துச் சரிசெய்தான். “‘ஏமாத்தின உங்களுக்காவது நான் வேணும்னு இருந்துச்சே’ன்னா. அதுக்கப்புறம் உன் பேச்சை எடுத்ததே இல்ல.”

“முகமூடியைப் போடுங்கண்ணா” என்று வழிகாட்டிப் பெண் மேலிருந்து கத்தினாள். போட்டுக்கொண்டார்கள். அவள் ஒவ்வொருவராகக் கைப்பிடித்து விளிம்புக்கு அழைத்துப் போனாள். தச்சன் பார்த்தான். பாலிஷ்காரன் பார்த்தான். கடைசியில் அதிர்ஷ்டத்தை நிறுத்தித் தோளைத் தட்டிக் கீழே காட்டினாள்.

கீழே மலை உறுமியது. நெஞ்சில் சூடு அடித்தது. ஆனால் அழுகை மூச்சில் முகமூடிக் கண்ணாடி உள்பக்கமாக நனைந்து, எதிரே ஒன்றும் தெரியாமல் மூடிக்கொண்டது. அதைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும். கழற்றக் கூடாது என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவன் கழற்றவில்லை. போதும் என்று அவள் மறுபடி தோளைத் தட்டும்வரை, பார்த்துக்கொண்டிருப்பவனைப் போல அங்கேயே நின்றான்.