கூரைக்காரர் வீட்டைப் பார்சல் கட்டிய நாள்

தகரக் கூரை போடும் மனிதரை நான்கு தெருக்காரர்களும் ‘ஆகட்டும்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சிறியவர்களுக்கு ஆகட்டும் அண்ணன். மற்றவர்களுக்கு வெறும் ஆகட்டும். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். ‘முடியாது’ என்ற சொல் அவர் வாய்க்குள் எங்கோ குடியிருந்திருக்கலாம். வாசல்வரை வந்து எட்டிப் பார்த்ததில்லை. பல் வைத்தியர் ஒருமுறை நல்ல பல்லில் கொறடைப் போட்டு, “இதைத்தானே எடுக்கணும்?” என்று கேட்டபோதும், திறந்த வாயோடு ஆகட்டும் என்றே சொன்னாராம். வலித்த பல் ஒரு மாதம் கழித்துத்தான் போனது.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. அவர் முறுக்கிய கட்டுக்கம்பியை அவிழ்க்க வேண்டுமானால் காற்றே கடைக்குப் போய்க் கொறடு வாங்கி வர வேண்டும் என்று பேச்சு. கனத்த உடம்பு, முன்னால் தள்ளிய வயிறு. ஆனால் தகரத்தின் மேல் அவர் நடந்தால் கீழே தூங்கும் குழந்தை புரண்டுகூடப் படுக்காது. அப்படிப்பட்டவருடைய சொந்த வீட்டுக் கூரைதான் நான்கு தெருவிலும் மோசம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அடித்த புயலில் அந்தக் கூரையிலிருந்து ஒரு தகரம் கழன்று, பறந்துபோய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. தலைமையாசிரியர் இவரையே கூப்பிட்டனுப்பி, “எங்கிருந்தோ நல்ல தகரமா வந்து விழுந்திருக்கு, சைக்கிள் நிறுத்துற இடத்துக்கு மேல போட்டுக் குடுத்துடுங்களேன்” என்றார். தான் போட்ட ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டே, ஆகட்டும் என்று பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் அந்தத் தகரம் இருந்த இடத்துக்கு ஒரு பழைய பற்பசை விளம்பரப் பலகை வந்து சேர்ந்தது. கட்டிலில் மல்லாந்து படுத்தால் பற்பசைக்காரியின் பாதிச் சிரிப்பு தெரியும். அந்தச் சிரிப்பின் ஓரமாகத்தான் தண்ணீர் சொட்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் பெய்த மழையில், சொட்டித் தேங்கிய தண்ணீரில் அவர் மனைவி வழுக்கி விழுந்தாள். வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு.

புயல் மாலை ஐந்து மணிக்குக் கரையைத் தொடும் என்று வானொலி விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தங்க இடம் விட்டிருந்தார்கள். ஆனால் மாடியில்தான் இடம் மிச்சமிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏறுவது நடக்கிற காரியமில்லை.

“என்னங்க, ஒண்ணு சொல்றேன். கோபத்துல சொல்லலை,” என்றாள் மனைவி கட்டிலில் இருந்தபடி. கோபத்தில் சொல்லவில்லை என்று அவள் சொல்வது எப்போது என்று அவருக்குத் தெரியும். “இந்தக் காலை வச்சுக்கிட்டு என்னால எழுந்து ஓட முடியாது. கூரை போச்சுன்னா வானத்தைப் பார்த்துக்கிட்டு இப்படியே கிடக்க வேண்டியதுதான். இன்னைக்கு முதல்ல நம்ம வீட்டைக் கட்டுங்க. அப்புறம் ஊரைக் கட்டுங்க.”

“நம்ம வீடுதான் முதல்ல.”

“நிஜமா?”

“ஆகட்டும்.”

“அந்த வார்த்தையைத் தவிர வேற ஏதாவது சொல்லுங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்து, “சரி” என்றார்.

மனப்பூர்வமாகத்தான் சொன்னார். உள்ளே போய்க் கட்டுக்கம்பிச் சுருளை எடுத்துத் தோளில் மாட்டினார். கொறடை இடுப்பில் செருகினார். ஏணியைத் தன் வீட்டுச் சுவரில் சாய்த்து முதல் படியில் கால்கூட வைத்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரரின் குரல் கேட்டது.

“ஆகட்டும், கடைக் கூரை மூலையில தட தடன்னு அடிக்குதுப்பா. அஞ்சே நிமிஷம். உள்ள மருந்தெல்லாம் நனைஞ்சா நாளைக்கு ஊருக்கே மருந்தில்லை.”

ஜன்னல் வழியாக மனைவியின் காதில் அந்த ஐந்தெழுத்துப் பதில் தெளிவாக விழுந்தது. அதன்பின் ஏணி சுவரிலிருந்து எடுபடும் சத்தமும்.

ஐந்து நிமிடம் என்பது மருந்துக்கடையில் முக்கால் மணியானது. அங்கிருந்து இறங்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்தது பார்சல்காரர் வீடு. முப்பத்தைந்து வருடம் பார்சல் அலுவலகத்தில் மூட்டை கட்டி, ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் தலையணையைக்கூடக் கயிறு போட்டுக் கட்டிவைக்கிறவர். அவர் வீட்டில் ஒரு மணி நேரம். எந்தக் கூரையில் நின்றாலும் அவருக்குத் தன் வீட்டுக் கூரை தெரிந்தது. வெயில் இல்லாத வெளிச்சத்தில் பற்பசை விளம்பரத்தின் முதுகு வெள்ளையாக, வேண்டுமென்றே பார்ப்பதுபோல் பார்த்தது. ஒவ்வொரு முறையும் ‘இதோட சரி’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கீழே யாராவது நின்றார்கள்.

இரண்டு மணிக்குத் தையல்காரி வீட்டுக் கூரையில் இருந்தார். கம்பி அவ்வளவும் அங்கே தீர்ந்துபோனது. தேநீர் டம்ளரை மேலே நீட்டிக்கொண்டே அவள் கேட்டாள்:

“ஏண்ணே, உங்க வீட்டுக்குக் கட்டியாச்சா?”

“ஆகட்டும்.”

“கட்டியாச்சான்னு கேட்டா ஆகட்டும்னா என்னண்ணே அர்த்தம்? அண்ணி அந்தக் காலோட படுத்துக்கிடக்காங்களே.”

அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே குடித்தார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று பார்சல்காரர் வீட்டுப் பக்கம் போனாள். அதை அவர் கவனிக்கவில்லை. தெருக்கோடியிலிருந்து வேறு யாரோ கையைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடிக்காரர்களிடம் கம்பி இருந்தது. அவர்கள் கம்பி அவர்கள் கூரைக்கே சரியாகப் போயிற்று.

நாலேகால் மணிக்கு, கையில் ஒரு முழம் கம்பிகூட இல்லாமல், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். வானம் கறுத்துக் கீழே இறங்கியிருந்தது. காற்று சட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் ஒத்திகையில் தெரிந்தது. கூரையின் மேல் தானே ஏறிப் படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். அவர் எடைக்குத் தகரம் அசையாது. திருப்பத்தில் திரும்பியவர் ஏணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

வீடு பார்சல் கட்டப்பட்டிருந்தது.

வேறு எப்படிச் சொன்னாலும் பொருந்தாது. கூரையின் மேல் நீளவாக்கில் மூன்று, குறுக்கே நான்கு என்று கயிறு ஓடியது. அது சுவரோடு இறங்கி, ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் போய் முடிந்தது. பார்சல் கயிறு போதாத இடத்தில் தையல்காரியின் துணிக் கரைகள் சடை பின்னி ஒட்டுப் போடப்பட்டிருந்தன. அதுவும் போதாத இடத்தில் சைக்கிள் டியூப். கூரை ஓரங்களில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் தலையணை உறைகள். பூப்போட்டது, முயல் போட்டது, ‘இனிய கனவுகள்’ என்று எழுதியது. வாய் எல்லாம் மெஷினில் இரட்டைத் தையல். தபால்தலை ஒட்டி விலாசம் எழுதினால் போதும், வீட்டை அனுப்பிவிடலாம்.

பார்சல்காரர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தையல்காரி. மருந்துக்கடைக்காரர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூரையில் ஏறியது அவர்தான். ஏறிய பிறகு இறங்கத் தெரியாமல் அரை மணி நேரம் மேலேயே உட்கார்ந்து, “இங்க காத்து நல்லா வருது, நீங்க வேலையைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“வாங்க தம்பி. பார்த்துச் சொல்லுங்க,” என்றார் பார்சல்காரர். “ஒரே கயிறு. தொடக்கத்துல ஒரு முடிச்சு, முடிவுல ஒரு முடிச்சு. என் சர்வீஸ்ல ஒரு பார்சல்கூட வழியில பிரிஞ்சதில்லை.”

கூரைக்காரர் ஏணியைக் கீழே வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை வந்தார். கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. அவராக இருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டார். முகட்டில் இரண்டு மூட்டை கூடுதலாக வைத்திருப்பார், ஓரத்தில் கம்பி போட்டிருப்பார். ஆனால் மோசமில்லை. மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“நல்லா இருக்கு,” என்றார். பிறகு வாசலுக்கு வந்தவர், “ஆனா கதவு?” என்றார்.

வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு அது. அதன் குறுக்கே கயிறு கூட்டல் குறி போட்டிருந்தது.

பார்சல்காரர் கதவைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். “பார்சலுக்குள்ள யாரும் போக வேண்டியிருக்காதே தம்பி,” என்றார் மெதுவாக. முப்பத்தைந்து வருட அனுபவத்தில் அந்தப் பிரச்சினை வந்ததே இல்லை.

மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. கூரைக்காரரின் கை இடுப்பிலிருந்த கொறடைத் தேடியது.

“வெட்டினீங்கன்னா மொத்தமும் தளர்ந்துடும்ணே, ஒரே கயிறு,” என்றாள் தையல்காரி. ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரலும் வந்தது: “கொறடுல கை வச்சீங்க, நான் பேச மாட்டேன். கட்டினது கட்டினபடி இருக்கட்டும். பின்னாடி சமையலறை ஜன்னல் இருக்குல்ல, அதுல வாங்க. நாலு வருஷமா கம்பி போட்டுத் தாங்கன்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஆகட்டும்தான்.”

கம்பியில்லாத அந்த ஜன்னல் ஒரு சராசரி மனிதருக்காக வைக்கப்பட்டது. தலையும் தோளும் உள்ளே போயின. வயிறு போகவில்லை. உள்ளே பாதி, மழையில் பாதியாக அவர் தொங்கினார். வெளியே பார்சல்காரர், “ஒரு பக்கமாத் திரும்புங்க தம்பி, அகலமான உருப்படியைச் சாய்ச்சுத்தான் தள்ளணும்” என்று வழிகாட்டினார். மருந்துக்கடைக்காரரும் தையல்காரியும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தள்ளினார்கள். உள்ளே மனைவி ஒற்றைக் காலில் குதித்து வந்து, மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் அவர் காலரைப் பற்றி இழுத்தாள். மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை. இப்போது சிரித்த சிரிப்பில் இழுக்கவும் மறந்துபோனாள். இரண்டு பொத்தான்கள் தெறித்தன; அவர் உள்ளே வந்து சேர்ந்தார்.

“போய்ச் சேர்ந்தாச்சா?” என்று வெளியிலிருந்து கேட்டார் பார்சல்காரர்.

“சேர்ந்தாச்சு சார். சேதாரமில்லை,” என்றாள் மனைவி. “நீங்கல்லாம் சீக்கிரம் வீட்டுக்குப் போங்க.”

ஜன்னலைச் சாத்திவிட்டு, அவளைத் தாங்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் விட்டார். கையை நீட்டினாள். அவருக்குப் புரியவில்லை.

“கொறடு.”

கொடுத்தார். வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். “ஆபத்துன்னா நானே எடுத்துத் தரேன்.”

ஐந்து மணிக்கு வர வேண்டிய காற்று ஐந்தே காலுக்கு வந்தது. முதலில் தெருவில் யாரோ வாளிகளை உருட்டுவதுபோல் கேட்டது. பிறகு வீட்டையே தோளில் தூக்கப் பார்ப்பதுபோல் முட்டியது. தகரம் ஓர் ஓரமாக மூச்சு வாங்கி எழுந்தது, கயிறு முனகியது, தகரம் உட்கார்ந்தது. கூரைக்காரர் அறைக்குள் நடந்தார். மேலே எழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் முகம் திரும்பியது. எந்தச் சத்தம் எந்த ஆணி என்று அவருக்குத் தெரியும், அதுதான் கஷ்டம்.

“உட்காருங்க. நீங்க நடந்து கூரை நிக்கப் போறதில்லை.”

“யாராவது கூப்பிடுவாங்க,” என்றார் அவர். “பாதிக் காத்துல ஒரு ஓரம் பிச்சுக்கும். யாராவது வந்து கதவைத் தட்டுவாங்க. இப்படிக் கதவைக் கட்டி வச்சுட்டாரே அந்த மனுஷன். அவருக்குத்தான் தெரியலை. நீ உள்ளதானே இருந்தே, கயிறு கதவு மேல போறது உனக்குமா தெரியலை?”

“தெரியாம என்ன. நல்லாத் தெரிஞ்சுது.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலை,” என்றாள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நமக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அஞ்சு புயல். அஞ்சுலயும் பாதிக் காத்துல யாராவது கூப்பிட்டாங்க. நீங்க போனீங்க. நான் இதே கட்டில்ல உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமா எண்ணிக்கிட்டிருப்பேன். கூரை போயிடுமோன்னு எண்ணினதைவிட, எந்தக் கூரை மேல நிக்கிறீங்களோன்னு எண்ணினதுதான் அதிகம். அதான் இன்னைக்கு அவர் கதவைக் கட்டுறப்போ வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

அவர் நடப்பதை நிறுத்தினார்.

“பயமா இருக்குன்னு ஒரு தடவைகூட நீ சொன்னதில்லையே.”

“கேக்கிறதுக்கு நீங்க வீட்ல இருந்தாத்தானே.”

அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் மாவுக்கட்டின் மேல் கையை வைத்தார். அதற்கு ஒன்றும் தெரியாது என்று நினைவு வந்து, எடுத்து, கட்டுக்கு வெளியே துருத்தியிருந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன. மேலே பற்பசைக்காரி துடித்துத் துடித்து அடங்கினாள். ஓர் இடத்தில் சொட்டியது, அவ்வளவுதான்.

ஆறு மணி சுமாருக்குக் கைபேசி ஒலித்தது. தையல்காரி வீட்டு எண்.

இருவரும் அதையே பார்த்தார்கள். அவள் தலையணைக்கு அடியில் கையை விட்டுக் கொறடை எடுத்துக் கட்டிலின் மேல், இருவருக்கும் நடுவில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் கைபேசியை எடுத்தார். காற்றிரைச்சலில் மறுமுனை சரியாகக் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருந்தால் வாய் பழைய சொல்லைச் சொல்லிவிடும் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார்.

“வர முடியாதும்மா,” என்றார். “என்னால வர முடியாது. அண்ணி தனியா இருப்பா.”

“உங்களை யாருண்ணே வரச் சொன்னது?” என்றாள் தையல்காரி. “எங்க கூரை கம்முன்னு இருக்கு. உங்க வீடு எப்படி இருக்குன்னு கேக்கத்தான் போன் பண்ணினேன். பார்சல் சாரும் இங்கதான் இருக்கார், அஞ்சு மணியிலேர்ந்து ஒரு இடத்துல உட்காரலை. கடைசி முடிச்சு நிக்குதான்னு கேளு, கேளுன்னு என் உயிரை வாங்குறார்.”

அவர் அண்ணாந்து பார்த்தார். தகரம் எழுந்தது, கயிறு முனகியது, தகரம் உட்கார்ந்தது.

“நிக்குதுன்னு சொல்லும்மா. நல்லா நிக்குது. சாரை உட்காரச் சொல்லு.”

கைபேசியை வைத்தார். மனைவி போர்வையை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை மறைக்கிறாளா, வேறெதையாவதா என்று தெரியவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதை?”

“அதான், இப்ப அவகிட்ட முதல்ல சொன்னீங்களே.”

“இப்ப யாரும் கூப்பிடலையே.”

“பரவாயில்லை. எனக்காகச் சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாத்திய கதவைப் பார்த்து, அந்தப் பக்கம் நான்கு தெருவும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொண்டு, “வர முடியாது” என்றார். இந்த முறை நாக்கு அவ்வளவாகத் தடுக்கவில்லை.