கணவரின் அண்ணன் நெஞ்சில் நான் கை வைத்த நாள்

என் கணவரின் அண்ணனோடு நான் பன்னிரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை கிடையாது, எல்லாம் மரியாதைதான். தம்பி பெண்டாட்டி அவர் முன்னால் உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்துகொண்டு இந்தக் கூத்து. அவர் வாசலுக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். இந்த வழக்கம் எனக்கு எரிச்சல்; மனுஷர் மேல் எரிச்சல் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஆட்டோ பிடித்து வருபவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லயத்துக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு சரிந்தார். அவர் மனைவி, எனக்கு அக்கா முறை, போட்ட சத்தத்தில் லயமே திரண்டது. என் கணவர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார்.

ஒருவர் காலைத் தேய்த்தார், இன்னொருவர் சோடா கேட்டார். தொண்டையில் கொர்ரென்று சத்தம் வந்தது.

"மூச்சு இருக்கு! தூக்கி ஆட்டோல போடுங்க!" என்றார் பக்கத்துக் காம்பராப் பெரியவர்.

அது மூச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். எங்களுக்கு முதலுதவி பழக்கியபோது, இதயம் நின்ற ஆளுக்கும் சிறிது நேரம் அப்படிச் சத்தம் வரும், ஏமாறாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். ரப்பர் பொம்மையின் நெஞ்சை நன்றாகவே அமுக்கிப் பழகியிருந்தேன். ஆட்டோவில் மடக்கிப் போட்டால் வழியிலேயே போய்விடுவார்.

"யாரும் தூக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே மண்ணில் முட்டி போட்டேன். சட்டை போடாத நெஞ்சு. ஒரு நொடி கை கூசியது, பொய் சொல்லமாட்டேன்.

"தம்பி பொண்டாட்டி தொடலாமா?" என்றார் பெரியவர்.

"அப்ப நீங்க வந்து அமுக்குங்க!"

அவர் இரண்டடி பின்னால் போனார். நான் இரண்டு கையையும் நடு நெஞ்சில் வைத்து அமுக்கத் தொடங்கினேன். அக்கா ஆம்புலன்ஸுக்கு அடித்து, போனை என் காதருகே பிடித்தார். "நவத்தன்ன எப்பா!" என்று போனில் பேசிய பெண், நிறுத்தாதே என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. உள்ளே எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

"அடிச்சே கொல்றாளே!" என்று யாரோ அழுதார்கள். எனக்குப் பயம்தான். இவர் செத்தால் ஆயுசுக்கும் இந்தப் பழி என் தலையில். ஆனாலும் செய்வது சரி என்று தெரிந்தது. அந்தத் தைரியம் போதும்.

ஆம்புலன்ஸ் லயம் வரைக்கும் ஏறாது. ரோடு உடைந்த இடத்திலிருந்து நடந்துதான் வரவேண்டும். என் கை தளர்ந்ததும் கொழுந்து பறிக்கும் மூன்று பெண்களைக் கூப்பிட்டேன். அவர்கள் கை பலம் எனக்குத் தெரியும்.

"ஆளுக்கு ஒரு கொழுந்து நிரை மாதிரி, மாத்தி மாத்தி. இங்க வைங்க. இன்னும் பலமா!"

நான் எண்ண, அவர்கள் அமுக்கினார்கள். பெட்டியோடு மேடேறி வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சில் பட்டைகளை ஒட்டி மின்சாரம் கொடுத்தார்கள். இரண்டாம் தடவையில் நாடி வந்தது. நான் மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஒரு மாதம் கழித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். மறுநாள் எங்கள் வாசலில் அவர் செருப்புச் சத்தம். பழக்கதோஷத்தில் எழுந்து உள்ளே போனேன்.

"உள்ள போகாத," என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. "ரெண்டு எலும்ப ஒடச்சிட்டியாமே?"

வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு இல்லீங்க, மூணு."

சிரித்தார். சிரித்ததில் வலித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன்.