போனக்காட்டு இறக்கமும் ஆறு ஆலோசகர்களும்

இல்லை, விழவில்லை. விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

போனக்காடு மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சைக்கிள் மட்டுமே போகக்கூடிய ஒற்றையடிப் பாதை. வேர்கள் துருத்திய அந்த இறக்கத்தை இன்றாவது கால் ஊன்றாமல் கடக்க நினைத்தேன். மூன்று முறை முயன்றும் பாதியில் ஊன்றினேன்.

பின்னால் எங்கள் சைக்கிள் குழுவின் மற்ற ஆறு பேர்.

"பேடிக்கண்ட, பயப்படாதே! பிரேக்கை விடு!"

"ஐயோ, பிரேக்கைப் பிடி!"

நான்காவது முறை, கீழிருந்து இரண்டு பெண்கள் தேயிலை மூட்டையோடு ஏறி வந்தார்கள். எனக்காகச் செடிக்குள் ஒதுங்கி நின்றார்கள். நான் பிரேக்கைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எம்மா, போறதுன்னா போ. இல்லேன்னா வழிய விடு. தலையில மூட்டை கனக்குது."

காலையிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே தெளிவான ஆலோசனை.

வழிவிட்டேன். குழுவையும் முன்னால் அனுப்பினேன். சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போய், தனியாக ஓட்டி இறங்கினேன். கால் ஊன்றவில்லை.

சாட்சி யாரும் இல்லை. நம்புகிறவர்கள் கை தூக்கலாம்.