டயானா துடைத்துப்போட்ட விசில்

ஆரணியில் டயானா வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அருணகிரியின் விசைத்தறிக் கூடம். ஒரு தறி நின்றாலும் இன்னொன்று தடதடத்துக்கொண்டிருக்கும். அதனால் அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. உப்பு கேட்பதற்கே அம்மா அமலோற்பவம் ஊரைக் கூட்டிவிடுவார். அப்பா சவரிராஜ் செய்யாறு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, அந்தத் தடதடப்பில் பச்சைக் குழந்தை மாதிரி தூங்குவார். இந்த வீட்டுப் பெண் சத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். டயானா அப்படித்தான்.

ஒலியைவிட வேகமாகப் பாயும் ஜெட் காற்று எப்படியெல்லாம் சத்தம் போடும் என்பதை, இன்ஜினைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இதுதான் சென்னையில் அவள் வேலை. அதற்கென்று ஒரு கணினி மாதிரியை உருவாக்கியிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் சின்னக் குழாய் வழியே காற்றைப் பாய்ச்சிப் பதிவுசெய்த சத்தத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. பதிவில் இல்லாத ஒரு கூரான விசிலை அந்தக் கணினி மாதிரி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் தட்டிக்கொட்டிப் பார்த்தாள், மசியவில்லை. இந்த நிலையில்தான் ஊருக்கு வந்திருந்தாள். மறுநாள் மதியம் ஆன்லைனில் பேராசிரியர்கள் விளக்கம் கேட்பார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அத்தனை வருட உழைப்பையும் தூக்கிப்போட்டுவிட்டு வேறு தொடங்கச் சொல்வார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அமலோற்பவத்துக்கு ஜெட் புரியாது, மகள் முகம் புரியும். நேரே அருணகிரியிடம் போனார்.

"அண்ணே, பாப்பா நாளைக்கு பெரிய சாருங்ககிட்ட பேசணுமாம். இப்ப ஒருவாட்டி பேசிப் பாக்கறேன்னுது. கொஞ்ச நேரம் தறிய..."

"இதுக்கு இன்னாம்மா, நம்ம பொண்ணுதான," என்ற அருணகிரி அத்தனை தறிகளையும் நிறுத்தினார். கல்யாணச் சேலை ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

தெரு சட்டென்று அடங்கியது. சவரிராஜ் பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா சத்தம் அது?"

"சத்தமே இல்லப்பா. தறிய நிறுத்திட்டாங்க."

"அதான பாத்தேன், யாரோ தட்டி எழுப்பன மாதிரி இருந்திச்சி. தறி ஓடிகினு இருந்தாத்தான் எனக்கு அமைதியா இருக்கும்."

டயானாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. விடாமல் ஓடும் சத்தத்தை இந்த வீட்டில் யாரும் சத்தமாகவே எண்ணுவதில்லை. அவளும்தான். ஆய்வுக்கூடப் பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரே சீரான விசில் ஒன்று இருந்தது. பக்கத்து அறை கம்ப்ரசராக இருக்கும் என்று ஆரம்பத்திலேயே அதைத் துடைத்துப்போட்டிருந்தாள். ஜெட் தானாகவே விசிலடிப்பதுண்டு என்று படித்தவள்தான். அந்த வேகத்தில் அடிக்காது என்று நம்பிவிட்டாள்.

ஜல்தியாகப் பழைய பதிவுகளைத் திறந்தாள். கம்ப்ரசர் மட்டும் ஓடிய பதிவில் விசில் இல்லை. ஜெட் பாய்ந்ததும் வந்தது. துடைக்காத பதிவின் வரைபடத்தை மாதிரியின் வரைபடத்தின் மேல் வைத்தாள். இரண்டு விசிலும் ஒரே இடத்தில் வந்து நின்றன. முதல் நாளிலிருந்து உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பொய் சொல்கிறதென்று அடித்துவிட்டோமே என்று அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் மதியம் அருணகிரி, தறியை நிறுத்தட்டுமா என்று கேட்க வந்தார்.

"வேணாம் மாமா, ஓட்டுங்க. அப்பா தூங்கிகினு இருக்காரு."

பேராசிரியர்களிடம் முதலில் தன் தப்பைச் சொன்னாள், பிறகு இரண்டு விசிலையும் காட்டினாள். நிறைய கேள்வி கேட்டார்கள். கடைசியில், கணினி மாதிரி சரி, ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம் என்றார்கள். விடைபெறும்போது ஒருவர் கேட்டார்.

"உங்க பக்கம் என்னம்மா சத்தம்?"

எந்தச் சத்தம் சார் என்று கேட்பதுதான் அவள் வழக்கம். இந்தத் தடவை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னாள்.

"தறி சார். பக்கத்து வீட்டுல நெய்யறாங்க."