எதிர் வீட்டுக்காரரின் கார்

தொண்ணூறுகளில், நியூ ஜெர்சியில் எங்கள் எதிர் அபார்ட்மென்ட்டில் ஒரு குட்டை மனிதர் இருந்தார். அவருடைய பழைய காரில் தரைக் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். பார்த்தாலே எனக்கு வயிறெரியும். பனிக்காலத்துக்கு முன் ரப்பர் மேட் வாங்கப் போன கடையில் அவரைப் பிடித்தேன்.

“நீங்க எந்த மேட் சார் போடறீங்க?”

“மேட்டே கிடையாது சார். வீடு மாதிரிதான். ஷூவக் கழட்டிட்டு ஏறணும்.” அவரே சாக்ஸோடுதான் ஓட்டுவாராம்.

நான் விலை கூடிய மேட்டாகப் பார்த்து வாங்கினேன்.

முதல் ஸ்னோ விழுந்த அன்று என் கார் மக்கர் பண்ணியது. அவர்தான் எங்களை ஏற்றிக்கொண்டார். ஒரு பையை நீட்டினார், அவ்வளவுதான். என் மகள் மறுபேச்சில்லாமல் பூட்ஸைக் கழற்றி அதில் போட்டாள்.

மறுநாள் ரிப்பேராகி வந்த என் காரில், புது மேட்டின் மேல் சேறும் பனியுமாக மிதித்தாள்.

“கழட்டிட்டு ஏறேன்மா.”

“வொய்? இட்ஸ் ஜஸ்ட் யுவர் கார், டாடி.”

அந்த மனிதரை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.